வெள்ளைச் சட்டையில் சிவப்புக் கோடுகள்

என் பீரோவில் ஒரு வெள்ளை டீ-சர்ட் இருக்கிறது. நெஞ்சு, வயிறு, இடது முன்கை, கழுத்துப் பட்டி என்று பார்க்கிற இடமெல்லாம் சிவப்பு மார்க்கர் கோடுகள். மூன்று வருடமாகத் துவைக்காமல் மடித்து வைத்திருக்கிறேன். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று எத்தனையோ முறை உட்கார்ந்து, பாதியில் எழுந்து போயிருக்கிறேன். இன்று எழுதிவிடுகிறேன்.

நான் 16 வயதில் கராத்தே ஆரம்பித்தேன். இப்போது 43. கருப்பு பெல்ட்டில் மூன்றாவது டான், அதாவது மூன்றாவது படி. பெண்களுக்குத் தற்காப்பு வகுப்பு எடுக்க ஆரம்பித்தும் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்த வகுப்பில் கத்தியோடு வருபவனைச் சமாளிக்க ஒரு உத்தி சொல்லிக்கொடுப்பேன். குத்த வரும் கையை இடது முன்கையால் தட்டிவிட வேண்டும். உடனே மணிக்கட்டைப் பிடித்து, உடம்பைத் திருப்பி, அவன் முழங்கையை லாக் செய்ய வேண்டும். கத்தி கீழே விழும். பார்ப்பதற்கு அழகாக இருக்கும். செய்து காட்டினால் எல்லோரும் கை தட்டுவார்கள். நான் எப்படிக் கற்றேனோ அப்படியே ஒரு அசைவு மாறாமல் ஆறு வருடம் அதைச் சொல்லிக்கொடுத்தேன்.

ஒரு நாள் வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு ஒரு பெண் மட்டும் நின்றாள். கல்லூரி மாணவி. வகுப்பில் சேர்ந்து நான்கு வாரம்தான் ஆகியிருக்கும். தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, அவன் ஏன் கையை நீட்டினபடியே நிக்கணும்? குத்திட்டு உடனே பின்னால இழுத்துக்க மாட்டானா?"

"பழகப் பழக வேகம் வந்துடும்மா" என்றேன். அவளும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அவள் கேட்டது என் வேகத்தைப் பற்றியே இல்லை. அவன் கையைப் பற்றிக் கேட்டாள். நான் வேறு எதற்கோ பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். அதுவும் அக்கறையாகச் சொல்வது போன்ற குரலில். யோசித்துப் பார்த்தால், அந்த உத்தியை நான் நூற்றுக்கணக்கான முறை செய்திருக்கிறேன். ஒரு முறைகூட அது தோற்க வாய்ப்புள்ள மாதிரி செய்ததில்லை. எதிரில் நிற்கும் பார்ட்னருக்கு நான் என்ன செய்யப்போகிறேன் என்று தெரியும். ஒரே ஒரு குத்து, நேராக, கொஞ்சம் மெதுவாக. குத்திவிட்டு நான் பிடிக்கும்வரை காத்திருப்பார். மரியாதைக்காகத்தான் அப்படிச் செய்தார்கள், என்னை ஏமாற்றுவதற்காக இல்லை. ஆனால் அந்த மரியாதையை நான் என் திறமை என்று கணக்கில் எழுதி வைத்திருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளையே கூப்பிட்டேன். கையில் ஒரு தடித்த சிவப்பு மார்க்கரைக் கொடுத்தேன். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டேன். "இதுதான் கத்தி. வகுப்பில் சொன்னதை எல்லாம் மறந்துடு. உனக்கு எப்படித் தோணுதோ அப்படிக் குத்து. நான் நிறுத்துன்னு சொல்றவரைக்கும் நிறுத்தாதே" என்றேன்.

முதலில் சிரித்தாள். அப்புறம் மார்க்கரை இடுப்புக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். இடது கையை என் முகத்துக்கு நேராக நீட்டியபடி வந்தாள். என் கண் அந்தக் கையில் போனது. அந்தக் கை என் காலரைப் பிடித்தது. அதே நேரம் வலது கை கீழிருந்து தையல் மெஷின் ஊசி மாதிரி வயிற்றில் சட்சட்டென்று இறங்கி ஏறியது. நான் முதல் குத்தைத் தட்டிவிட்டேன். தட்டிவிட்ட கை அங்கே இல்லவே இல்லை. பிடிக்கப் போன இடத்தில் வெறும் காற்று. அதற்குள் நான்கு கோடுகள்.

மொத்தம் 20 முறை செய்தோம். 17 முறை சட்டையில் கோடு விழுந்தது. மணிக்கட்டைப் பிடித்து லாக் போடுவது ஒரு முறைகூட நடக்கவில்லை. கோடு விழாத அந்த மூன்று முறையும் நான் செய்தது என்ன தெரியுமா? இரண்டு முறை, குத்திப் பழகத் தொங்கவிட்டிருக்கும் மூட்டைக்குப் பின்னால் ஓடினேன். ஒரு முறை அவளைத் தோளால் தள்ளிவிட்டுக் கதவுப் பக்கம் ஓடினேன்.

எனக்கு எதிரில் இருந்தது நான்கு வாரப் பயிற்சி உள்ள ஒரு பெண். கத்தியைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது. எல்லாம் முடிந்ததும் "ஸாரிக்கா" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. தோற்றதற்காக வரவில்லை. இந்த ஆறு வருடத்தில் எத்தனை பேர் என்னிடம் அதைக் கற்றுக்கொண்டு, தங்களுக்குத் தெரியும் என்ற நம்பிக்கையோடு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்று நினைத்ததும் நெஞ்சு அடைத்தது.

அப்புறம்தான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 1983-ல் டென்னிஸ் டியூலர் என்ற அமெரிக்கப் போலீஸ் பயிற்சியாளர் ஒரு சோதனை செய்து எழுதியிருக்கிறார். கத்தி வைத்திருக்கும் ஒருவர் 21 அடி தூரத்தை, அதாவது ஏறக்குறைய 6.4 மீட்டரை, ஒன்றரை விநாடியில் கடந்துவிடுகிறார். பயிற்சி பெற்ற ஒரு போலீஸ்காரர் உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடுவதற்கும் அதே ஒன்றரை விநாடிதான் ஆகிறது. இதைப் படித்ததும் எங்கள் ஹாலில் டேப் வைத்து 21 அடி அளந்தேன். ஒரு முனையில் அவளை நிறுத்தி, மறு முனையில் நான் நின்று பார்த்தேன். ஹாலின் முக்கால்வாசி நீளம். இவ்வளவு தூரத்தில் இருப்பவர் எனக்கு ஆபத்தானவர் என்று என் உடம்புக்கு அதுவரை தோன்றியதே இல்லை. நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது ஒரு கை தூரத்தில் ஆரம்பிக்கும் சண்டை.

அடுத்த வகுப்பில் அந்தச் சட்டையை விரித்துக் காட்டினேன். "நான் சொல்லிக்கொடுத்தது தப்பு. சோதித்துப் பார்க்காமல் சொல்லிக்கொடுத்துட்டேன். மன்னிச்சிடுங்க" என்றேன். பழைய மாணவிகளில் யார் யாருடைய நம்பர் இருந்ததோ அவர்களுக்கெல்லாம் போன் செய்தும் சொன்னேன். ஒருவர் கோபப்பட்டார். அவர் கோபப்பட்டது நியாயம். பலர் ரொம்ப நேரம் பேசினார்கள்.

பணிவு என்று நாங்கள் டோஜோவில், அதாவது பயிற்சிக் கூடத்தில், நிறைய பேசுவோம். உள்ளே வரும்போது குனிந்து வணக்கம். போகும்போது வணக்கம். மூத்தவர் எதிரில் குரலை உயர்த்தக் கூடாது. இதெல்லாம் எனக்குப் பிடிக்கும், இன்றும் விடாமல் செய்கிறேன். ஆனால் இருபது வருடத்துக்கு மேல் தினமும் குனிந்து வணங்கிய அதே ஆள்தான், நான்கு வார மாணவியின் நல்ல கேள்விக்குக் காது கொடுக்காமல் அனுப்பியிருக்கிறேன். முதுகு வளைந்தது. மனசு வளையவில்லை. அதனால் பணிவை எனக்கு நானே ஒரு வேலையாக வைத்துக்கொள்ள முடிவு செய்தேன். பேனாவும் நோட்டும் எடுத்து உட்கார்ந்து செய்கிற வேலை.

கோடு போட்ட சாதாரண நோட்டு அது. ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பத்தி. என்ன நடக்கும் என்று நினைத்தேன். என்ன நடந்தது. யாரோடு செய்தேன். முதல் பத்தியைப் பயிற்சிக்கு முன்பே எழுதிவிட வேண்டும். பிறகு எழுதினால் மனசு தனக்குச் சாதகமாகத் திருத்திக்கொள்கிறது. "நான் அப்பவே நினைச்சேன்" என்று சொல்ல ஆரம்பித்துவிடும். மூன்றாவது பத்தியும் அதே அளவு முக்கியம். ஒரு பிடியை விடுவிக்கும் உத்தி பழகிய பார்ட்னரோடு பத்துக்குப் பத்து வரும். அதையே வியர்த்து வழுக்கும் கையோடு, என்னைவிட 30 கிலோ கூடுதலான ஒருவரோடு செய்தால் பத்துக்கு இரண்டு வரும். இரண்டையும் ஒரே பெயரில் "எனக்கு வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தால், நாம் நம்மிடமே பொய் சொல்கிறோம்.

இந்த நோட்டு வேலையில் மனசு சோர்ந்த நாட்களில் கானோ ஜிகோரோவை நினைத்துக்கொள்வேன். ஜூடோவை உருவாக்கியவர். 1860-ல் பிறந்தவர். ஒல்லியான, சின்ன உடம்பு. இளைஞராக ஜுஜுத்சு என்ற பழைய ஜப்பானியச் சண்டைக் கலையைக் கற்றுக்கொண்டிருந்தபோது, அதே பள்ளியில் ஃபுகுஷிமா என்று ஒருவர் இருந்தார். பெரிய ஆகிருதி. கானோவால் அவரை அசைக்கவே முடியவில்லை. சுமோ மல்யுத்தத்தின் உத்திகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு முயன்றார். பலிக்கவில்லை. நூலகத்துக்குப் போனார். மேற்கத்திய மல்யுத்தப் புத்தகங்களைத் தேடினார். அதில் ஆளைத் தோளில் ஏற்றிச் சுற்றி எறியும் ஒரு உத்தியைக் கண்டார். நண்பர்களோடு திரும்பத் திரும்பச் செய்து பார்த்துவிட்டு வந்தார். ஃபுகுஷிமாவைத் தூக்கி எறிந்தார். ஜூடோவில் இன்றும் கற்றுக்கொடுக்கும் "கட்டா குருமா" அப்படி வந்ததுதான்.

தூக்கி எறிந்த கட்டத்தைவிட அதற்கு முந்திய கட்டம்தான் எனக்கு நெருக்கமானது. தன் பள்ளியில் சொல்லிக்கொடுத்தது போதவில்லை என்று ஒத்துக்கொள்கிறார். அதற்காகப் பள்ளியை விட்டுப் போகவில்லை, ஆசிரியரைக் குறை சொல்லவில்லை. தனக்குத் தேவையானது வேறு நாட்டு மல்யுத்தத்தில் இருந்தால் அங்கிருந்து எடுத்துக்கொள்வதில் அவருக்குக் கௌரவக் குறைச்சல் எதுவும் தெரியவில்லை. 1882-ல் ஒரு கோயிலில், வெறும் 12 பாய் விரித்த இடத்தில் கொடோகான் என்ற தன் ஜூடோ பள்ளியைத் தொடங்கியவர் அவர். அடுத்த வருடம் தன் மாணவர்கள் இருவருக்கு முதல் டான் கொடுத்தார். அந்த நிலைக்கு "ஷோடான்" என்று பெயர். தொடக்கப் படி என்று அர்த்தம். நான் கருப்பு பெல்ட் வாங்கிய நாளில் இந்த அர்த்தத்தை யாரோ சொன்னார்கள், நானும் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டேன். ஆனால் அன்று என் மனசுக்குள் இருந்தது முடிவுரை.

41 வயதில் ஜூடோ கிளப் ஒன்றில் போய்ச் சேர்ந்தேன். வெள்ளை பெல்ட். கோச் என்னைவிடப் பத்து வயது சின்னவர். கராத்தேயில் மூன்றாவது டான் என்று சொல்லலாமா வேண்டாமா என்று பஸ் ஏறும்போதே யோசித்து, கேட்டால் மட்டும் சொல்வோம் என்று முடிவு செய்திருந்தேன். அவர் கேட்கவில்லை. "அக்கா, முதல் ரெண்டு மாசம் விழறதை மட்டும் கத்துக்குங்க. வேற எதுவும் வேண்டாம்" என்றார்.

விழுவதற்கு "உகெமி" என்று பெயர். பின்னால் விழும்போது தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, நம் பெல்ட் முடிச்சையே பார்க்க வேண்டும். அப்போது பின்மண்டை தரையில் படாது. முதுகை வளைத்து உருண்டு இறங்கும் அதே கணத்தில், இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து சற்றுத் தள்ளிச் சாய்வாகப் பயிற்சிப் பாயில் அறைய வேண்டும். மூச்சை வெளியே விட்டுவிட வேண்டும். முக்கியமாக, விழும்போது உள்ளங்கையை ஊன்றித் தாங்கப் பார்க்கக் கூடாது. மணிக்கட்டும் முழங்கையும் போய்விடும். சொல்லும்போது சுலபம். ஆனால் என் உடம்பு 25 வருடமாக "காலை ஊன்றி நில், விழாதே" என்று பழகிய உடம்பு. என்னை யாராவது சாய்த்தால் உடனே விறைத்துக்கொள்ளும். விறைத்த உடம்பைத் தூக்கிப் போடுவது ரொம்பச் சுலபம் என்றும், அது விழுந்தால் வலி இரண்டு மடங்கு என்றும் அங்கேதான் தெரிந்தது. ஒருநாள் பள்ளிப் பையன் ஒருவன் ஒசோடோ-காரி என்ற, காலை வாரிவிடும் உத்தியைப் போட்டு என்னைப் பாயில் வீழ்த்திவிட்டு, "மூச்சைப் பிடிச்சிட்டு இருக்கீங்க ஆன்ட்டி, அதான்" என்றான். அன்றைக்கு நோட்டில் எழுதினேன்: "மூச்சு. அவன் சொன்னது சரி."

ஏழெட்டு மாதம் கழித்து, மழையில் நனைந்த படியில் இறங்கும்போது கால் வழுக்கியது. கையில் பை. என்ன நடந்தது என்று தெரிவதற்குள் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தேன். தாடை நெஞ்சில் ஒட்டியிருந்தது. கை விரிந்து அறைந்திருந்தது. இடுப்பில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். எழுந்து நின்றபோதுதான் யோசித்தேன். இத்தனை வருடத்தில் தெருவில் என்னை யாரும் தாக்கியதில்லை. ஆனால் எத்தனையோ முறை விழுந்திருக்கிறேன். என் உடம்பை நான் உண்மையிலேயே காப்பாற்றிக்கொண்ட ஒரே சந்தர்ப்பத்தில் உதவியது, வெள்ளை பெல்ட் கட்டிக் கற்ற முதல் பாடம். அதன் பிறகு என் வகுப்பிலும் முதல் மாதம் விழுவதுதான். அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா எங்கள் வகுப்புக்கு வருகிறார். "பஞ்ச், கிக் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், இதைச் சொல்லிக்கொடு முதல்ல" என்பார்.

விழுவதையும் ஓடுவதையும் சேர்த்த பிறகும் ஒரு பெரிய ஓட்டை பாக்கி இருந்தது. அதையும் மாணவிகள்தான் காட்டினார்கள். வழக்கமாகத் தற்காப்பு வகுப்பில் வருகிற எதிரி முகம் தெரியாதவன். இருட்டுச் சந்து, பின்னாலிருந்து ஒரு கை. ஆனால் வகுப்பு முடிந்து தனியாக வந்து பேசிய பெண்கள் சொன்னது வேறு. தெரிந்தவர், உறவுக்காரர், வேலை செய்யும் இடத்தில் மேலே இருப்பவர், காதலிப்பதாகச் சொன்னவர். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கும் அதைத்தான் சொல்கிறது. உலகில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பெண் வாழ்நாளில் உடல் வன்முறையோ பாலியல் வன்முறையோ அனுபவிக்கிறாள். அதில் பெரும்பகுதி துணைவரிடமிருந்து வருவது. அவர்கள் யாருக்கும் என் லாக் உதவியிருக்காது. முழங்கையை உடைக்கத் தெரிந்தாலும், தெரிந்தவரின் முழங்கையை உடைக்க மனசு வராது. எந்த நிமிடத்தில் "வேண்டாம்" என்று சொல்வது, எப்போது எழுந்து வெளியே போவது என்பதுதான் அவர்கள் மாட்டிக்கொண்ட இடம்.

சார்லீன் சென் என்ற கனடா ஆராய்ச்சியாளரின் வேலை எனக்கு அப்போது பெரிய உதவியாக இருந்தது. கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவிகள் 893 பேரை வைத்துச் செய்த ஆய்வு, 2015-ல் வெளியானது. ஒரு பாதிக்கு 12 மணி நேரப் பயிற்சி. மறு பாதிக்குப் படிக்கத் துண்டுப் பிரசுரம். பயிற்சியில் உடம்பால் எதிர்ப்பது ஒரு பகுதி மட்டுமே. தெரிந்தவர்களிடமிருந்து வரும் ஆபத்தை அடையாளம் காண்பதும், "அவர் மனசு புண்படுமே" என்ற தயக்கத்தைத் தாண்டுவதும் பெரிய பகுதி. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், பிரசுரம் மட்டும் படித்தவர்களில் 9.8 சதவீதம் பேர் பாலியல் வல்லுறவுக்கு ஆளாகியிருந்தார்கள். பயிற்சி பெற்றவர்களில் 5.2 சதவீதம். வெறும் 12 மணி நேரம். நான் அந்தக் கத்தி உத்திக்கு மட்டும் வருடத்துக்கு அதைவிட அதிக நேரம் செலவழித்திருக்கிறேன்.

இப்போது எங்கள் வகுப்பில் உட்கார்ந்து பேசுவதற்கென்றே ஒரு நேரம் இருக்கிறது. தோளில் கை போடுபவரிடம் "கையை எடுங்க" என்று முழுக் குரலில் சொல்லிப் பழகுகிறோம். வாக்கியத்தின் முடிவில் சிரிக்காமல் சொல்ல வேண்டும். முதல் நாள் முக்கால்வாசிப் பேருக்கு அது வராது. எனக்கும் வரவில்லை. உதட்டோரம் தானாக ஒரு மன்னிப்புச் சிரிப்பு வந்து நிற்கும். அதைப் போக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. நோட்டில் தேதியோடு இருக்கிறது.

ஃபுனகோஷி கிச்சின் தன் வாழ்க்கை அனுபவங்களை எழுதியபோது ஒரு சம்பவத்தைச் சொல்லியிருக்கிறார். கராத்தேயை ஒகினாவாவிலிருந்து ஜப்பானின் பெருநகரங்களுக்குக் கொண்டுபோனவர் அவர். உலகப் போர் முடிந்த காலம். முதியவர். ராத்திரியில் தனியாக வரும்போது ஒருவன் வழிப்பறி செய்யப் பார்த்து, குடையால் அடிக்க வந்தான். இவர் அடிக்குத் தப்பி, அவனுடைய விதைப்பையைப் பிடித்து நிறுத்தி, வந்த போலீஸ்காரரிடம் ஒப்படைத்தார். வேறு யாராக இருந்தாலும் இதைப் பெருமையாகச் சொல்லியிருப்பார்கள். அவர் வெட்கப்பட்டார். அவன் போரிலிருந்து திரும்பி வேலை இல்லாமல் அலைந்தவனாக இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. தாக்காதே என்று இளைஞர்களுக்கு எப்போதும் சொல்லும் நானே தாக்கிவிட்டேனே என்று வருந்தினார். அந்த வயதில், ஜெயித்துவிட்ட ஒரு ராத்திரியில் தன் தவறைத் தேடியிருக்கிறார். என் நோட்டில் நான் தோற்ற நாட்கள்தான் நிறைந்திருக்கின்றன. ஜெயித்த நாட்களையும் அப்படிப் பார்க்க இன்னும் எனக்குப் பழகவில்லை. சமீபத்தில்தான் ஆரம்பித்திருக்கிறேன்.

அன்றைக்கு மார்க்கர் பிடித்த பெண் இப்போது என்னோடு சேர்ந்து வகுப்பு எடுக்கிறாள். கத்திக்கு நாங்கள் இப்போது சொல்லிக்கொடுப்பது ரொம்பச் சுருக்கம். ஓட முடிந்தால் ஓடு. நடுவில் ஏதாவது பொருளைப் போடு: நாற்காலி, பை, கதவு. முடியவே முடியாவிட்டால், கத்தி பிடித்த கையை இரண்டு கையாலும் உடம்போடு அணைத்துக்கொண்டு, சத்தம் போட்டுக்கொண்டே தள்ளு. இதையும் மாதம் ஒரு முறை மார்க்கரோடு சோதிக்கிறோம். கடைசிக் கணக்கு 20-க்கு 11 கோடு. கோடு விழும் என்பதையும் சேர்த்தேதான் சொல்லிக்கொடுக்கிறோம். புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் நாளே அந்தச் சட்டையைக் காட்டிவிடுவேன்.

போன வாரம் அவள் கேட்டாள். "அக்கா, பின்னாலிருந்து முடியைப் பிடிச்சா கையை நம்ம தலையோட சேர்த்து அழுத்தித் திரும்பணும்னு சொல்றோமே, அதை நாம சோதிச்சதே இல்லையே?" உண்மைதான். சோதித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை செய்தோம். பக்கம் இப்படி இருக்கிறது:

நினைத்தது: 20-க்கு 15.
நடந்தது: 20-க்கு 9. திரும்பும்போது அவள் பின்னால் இழுத்துக்கொண்டே நடந்தாள், கால் ஊன்ற இடம் கிடைக்கவில்லை.
யாரோடு: அவளோடு. என்னைவிட இரண்டு அங்குலம் குட்டை. அடுத்த ஞாயிறு உயரமானவரோடு.